குச்சியில் இன்னொரு கோடும் இருக்கிறது

போன செவ்வாய்க்கிழமை காலை எட்டு இருபதுக்கு என் போன் அடித்தது.

மஞ்சு அந்த நேரத்தில் கூப்பிடமாட்டாள். அப்போது அவள் வண்டியில் இருப்பாள். தோப்பும்படி பாலத்துக்கும் எர்ணாகுளத்துக்கும் நடுவில் எங்கேயோ. திரையில் மகளின் பெயரைப் பார்த்ததும் முதல் மணியிலேயே எடுத்துவிட்டேன்.

"அம்மா, முதல்ல ஒண்ணு சொல்லிடறேன். எனக்கு ஒண்ணும் இல்ல."

இந்த வாக்கியம் உலகத்தில் எந்தத் தாயையாவது சமாதானப்படுத்தியிருக்கிறதா?

"வண்டி புகை விடுது மா. பின்னால வர்ற பஸ்ஸே தெரியல, அவ்ளோ புகை. பாலத்து மேல ஆஃப் ஆயிடுச்சு."

மற்றவர்களுக்கு இது ஒரு சின்ன விஷயம். இறங்கி, வண்டியை ஓரமாகத் தள்ளிவிட்டு, வியர்வையைத் துடைத்துக்கொள்வார்கள். மஞ்சுவால் தள்ள முடியாது. அவளுக்கு இடது காலில் பலம் கிடையாது. காலிப்பர் என்கிற இரும்புத் தாங்கியைக் காலில் மாட்டி நடப்பவள். அவள் ஓட்டுவது சைடு வீல் பொருத்திய ஸ்கூட்டர். பின்சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் ஒவ்வொரு சின்னச் சக்கரம். எண்ணிப் பார்த்தால் நான்கு. ஆனாலும் கொச்சியில் எல்லோரும் அதை முச்சக்கர வண்டி என்றுதான் சொல்வார்கள். ஏன் என்று கேட்டால் சிரிப்பார்கள்.

பாலத்தின் நடுவில், பின்னால் வரிசையாக ஹாரன் அடிக்க, அவள் அந்த வண்டிமேல் உட்கார்ந்திருந்திருக்கிறாள். கடைசியில் மீன் வண்டிக்காரர்கள் இரண்டு பேர் இறங்கிவந்து, அவளை இறங்கவும் விடாமல், ராணியைப் பல்லக்கில் கொண்டுபோவதுபோல் தள்ளிக் கரை சேர்த்தார்களாம். அதைச் சொல்லும்போது அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இதை எழுதும்போதும் வரவில்லை.

இந்தப் பத்திரிகையில் என் பத்தியைத் தொடர்ந்து படிக்கிறவர்களுக்குத் தெரியும், நான் கவலைப்பட எனக்குக் காரணமே தேவையில்லை. இந்த முறை காரணமே போன் போட்டுக் கூப்பிட்டிருந்தது.

*

விஷயம் புகை மட்டும் அல்ல.

மஞ்சு பிராட்வேயில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் வேலை பார்க்கிறாள். பட்டன், லேஸ், ஜிப்... தையல் சாமான்கள். பில் போடும் வேலை. புகைக்கு முந்தின நாள்தான் முதலாளி அவளைக் கூப்பிட்டு, அடுத்த திங்கட்கிழமை முதல் கடையைத் திறக்கிற பொறுப்பு உனக்குத்தான் என்று சொல்லியிருக்கிறார். காலை ஒன்பது மணிக்கு ஷட்டர் மேலே போயிருக்க வேண்டும். "முடியாதுன்னா இப்பவே சொல்லிடு மஞ்சு, வேற ஆளைப் பார்க்கிறேன்" என்றும் சொல்லியிருக்கிறார். நியாயமான மனிதர்தான்.

மஞ்சு முடியும் என்று சொல்லிவிட்டு வந்தாள். அன்று வீட்டுக்குள் நுழையும்போதே அவள் நடையில் ஒரு வேகம்.

மறுநாளே இந்தப் புகை.

வண்டியை எங்கே காட்டுவது? முதல் ஒர்க் ஷாப்பில் வண்டியின் பின்பக்கத்தைப் பார்த்த உடனேயே, "சைடு வீலா? இன்னிக்கு ஆளில்ல சேச்சி" என்றார்கள். அடுத்ததிலும் அதேதான். அந்தச் சக்கரங்களைத் தாங்க எஞ்சினுக்குக் கீழே குறுக்காக ஒரு இரும்புக் குழாய் ஓடுகிறது. எந்த போல்ட்டைக் கழற்றப் போனாலும் அது ஸ்பானரைத் தடுக்கும். யாருக்குத்தான் பிடிக்கும்?

சுள்ளிக்கல்லில் ஒரு மெக்கானிக் மட்டும் நின்று பார்த்தார். ஸ்டார்ட் செய்தார். புகை வந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"ஆயில் ஒழுங்கா நோக்குமோ சேச்சி?"

நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னேன். "எல்லா சனிக்கிழமையும்."

பாவம், அதற்குப் பிறகு அவர் ஆயிலைச் சந்தேகப்படவே இல்லை.

"எங்கில் ரிங் போனதாணு. எஞ்சின் பணி வேணும். திங்களாழ்ச்ச காலத்து ஞான் வந்நு எடுத்தோளாம். ரெண்டு ஆழ்ச்ச பிடிக்கும்."

எஞ்சினைத் திறக்க வேண்டும். திங்கட்கிழமை காலை அவரே வந்து எடுத்துப்போவார். இரண்டு வாரம் ஆகும். அதே திங்கட்கிழமை! வண்டியைத் தள்ளி வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

மஸ்கட்டிலிருந்து அவள் அப்பா வீடியோ காலில் தீர்ப்பு சொன்னார். "வித்துடு. அவ ஆட்டோவுல போகட்டும்."

மறைக்காமல் சொல்கிறேன்... என் மனதில் ஒரு மூலை நிம்மதிப் பெருமூச்சு விட்டது. இனிமேல் எட்டு இருபதுக்குப் போனையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். பாலம் இல்லை, பஸ் இல்லை, மழையில் வழுக்கும் ரோடு இல்லை. இதை அவளிடம் நல்ல வார்த்தைகளில் சுற்றிச் சொல்லிப் பார்த்தேன்.

மஞ்சு காலிப்பரைக் கழற்றிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"ஆட்டோ சேட்டன் வர்ற நேரத்துக்குத்தான் கடை திறக்கணும்னா, சாவியை அவர்கிட்டயே குடுத்துடலாமே மா."

"உன் நல்லதுக்குத்தானே..."

"பாலத்துல நான் பயப்படல. நீ பயப்படுறதுதான் போன்ல கேட்டுச்சு. அதுக்கப்புறம்தான் எனக்குப் பயமாச்சு."

நான் எழுந்து இரவுச் சமையலைப் பார்க்கப் போனேன்.

புதன் முதல் சனி வரை அவள் ஆட்டோவிலும் பஸ்ஸிலுமாகப் போனாள். பஸ் படியில் அவள் ஏறுவதற்குள் கண்டக்டர் விசில் அடித்துவிடுவார். தாமதமாகத்தான் போய்ச்சேர்ந்தாள். ஆனாலும் சனிக்கிழமை மாலை சாவியை வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள்! நீளமான ஷட்டர் சாவி. அதைச் சாப்பாட்டு மேஜைமேல் வைத்தாள். நான் அதைப் பார்த்தேன். அது என்னைப் பார்த்தது.

அப்போதுதான் எனக்குள் ஏதோ ஒன்று நிமிர்ந்தது.

"அந்த வண்டியோட புஸ்தகம் எங்கே?" என்றேன்.

*

கையேட்டை இருவரும் உட்கார்ந்து படித்தோம். எஞ்சினைத் திறப்பது பெரிய வேலை. அது நமக்கு வராது. ஆனால், திறப்பதற்கு முன்னால் செய்ய வேண்டியவை என்று அந்தப் புத்தகத்தில் இருப்பவை சின்ன வேலைகள். பழைய ஆயிலை இறக்கிப் புதியது ஊற்று. ஏர் ஃபில்டரை மாற்று. பிளக்கைத் துடை. முதலில் அவற்றை ஒழுங்காகச் செய்துவிடுவோம். அப்புறமும் புகைந்தால் மெக்கானிக் சொன்னது சரி. வண்டியை அவரிடம் கொடுத்துவிட்டு, சாவியைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். ஒப்பந்தம்.

உதிரிபாகக் கடை மூடுவதற்குள் போய் ஆயில், ஃபில்டர், ஆயில் இறக்கும் போல்ட்டுக்கு ஒரு புது வாஷர் எல்லாம் வாங்கிவந்தோம். எந்த ஆயில் என்று கடைக்காரரைக் கேட்காதீர்கள், புத்தகத்தைக் கேளுங்கள். கார் ஆயில் மலிவாக இருக்கிறது என்று ஸ்கூட்டருக்கு ஊற்றாதீர்கள். இதெல்லாம் நான் அன்றைக்குப் படித்தது. ஆனாலும் பிறந்ததிலிருந்தே தெரிந்தவள் மாதிரி எழுதுகிறேன், பார்த்தீர்களா?

ஒரு சிக்கல். வண்டி சமதரையில் நிற்க வேண்டும் என்று புத்தகம் முதல் வரியிலேயே சொல்கிறது. மட்டாஞ்சேரியில் எங்கள் சந்தில் சமதரைக்கு நான் எங்கே போவேன்? ஒரு பக்கம் ஓடை, ஒரு பக்கம் படிகள், நடுவில் அவரவர் இஷ்டத்துக்குப் போட்ட சிமெண்ட்.

நான் வேலை பார்ப்பது ஜூ டவுன் பக்கத்தில் ஒரு மசாலாக் கிடங்கின் ஆபீஸில். கிடங்கின் முற்றம் இஞ்சி காயப்போடுகிற தரை. ஞாயிற்றுக்கிழமை காலை, வண்டியோடும் மஞ்சுவோடும் வாட்ச்மேன் ஜோசப் சேட்டனிடம் போய் நின்றேன். வண்டியைப் பார்த்தார், ஆயில் கேனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"சேச்சி, இஞ்சி உணக்குந்ந தரையாணு. ஒரு துள்ளி ஆயில் வீணால், முதலாளி நாளெ அதில என்னெ உணக்கும்."

ஒரு சொட்டு ஆயில் விழுந்தாலும் இஞ்சிக்குப் பதிலாக அவரைக் காயப்போட்டுவிடுவார்களாம். பழைய சாக்குகளைத் தரை தெரியாமல் விரிப்பதாகச் சத்தியம் செய்தேன். கேட்டைத் திறந்தார்.

அந்த முற்றமும் முழுக்கச் சமம் அல்ல. மழைநீர் வடிய லேசாகச் சரித்திருப்பார்கள். மஞ்சு கிடங்கு வாசலில் சிதறிக் கிடந்த மிளகைக் கொஞ்சம் பொறுக்கினாள். தரையில் ஒவ்வொரு இடமாகப் போட்டுப் பார்த்தாள். மிளகு உருண்டு ஓடியது. இன்னும் கொஞ்சம் தள்ளிப் போட்டாள். அங்கேயும் ஓடியது. கடைசியில் சுவரோரம், கூரைக்குக் கீழே, ஒரு இடத்தில் போட்ட மிளகெல்லாம் போட்ட இடத்திலேயே உட்கார்ந்தன.

"இங்க நிறுத்து மா."

எஞ்சினைக் கொஞ்ச நேரம் ஓடவிட வேண்டும். சூடான ஆயில்தான் சுலபமாக இறங்கும். புகையோடு ஓடவிட்டோம். அணைத்துவிட்டு, ஆயில் கீழே வந்து சேரச் சில நிமிடம் காத்திருந்தோம். பிறகு, பழக்கதோஷம்... நான் டிப் ஸ்டிக்கை உருவினேன். ஆயில் அளவு பார்க்கிற குச்சி. துணியில் துடைத்து, மறுபடி விட்டு, திருகாமல் அப்படியே எடுத்துப் பார்த்தேன்.

குச்சியில் இரண்டு கோடுகள் உண்டு. கீழ்க்கோட்டுக்குக் கீழே ஆயில் போகக் கூடாது. மேல்கோட்டைத் தாண்டக் கூடாது.

ஆயில் மேல்கோட்டைத் தாண்டி, அதற்கும் மேலே, குச்சியின் கழுத்து வரை இருந்தது.

"இருக்காதே!" என்றேன். "போன வாரம்கூடக் குறைவாத்தான் இருந்துச்சு. கொஞ்சம் ஊத்தினேனே."

"அதுக்கு முந்தின வாரம்?"

"அப்பவும் கொஞ்சம்..."

"அதுக்கும் முந்தி?"

நான் குச்சியை மறுபடி துடைத்தேன். மஞ்சு தரையில் கிடந்த மிளகையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தன் உள்ளங்கையை நேராக நீட்டி, மெதுவாக இடது பக்கம் சாய்த்துக் காட்டினாள்.

"அம்மா, நம்ம வீட்டு வாசல்ல வண்டி எப்படி நிக்கும்?"

*

வெளியூர் வாசகர்களுக்கு இதைச் சொல்லியாக வேண்டும். இந்த மாதங்களில் எங்கள் பக்கத்தில் காயல் தண்ணீர் ஊருக்குள் ஏறி வரும். வேலியேற்றம் என்பார்கள். மழை ஒரு துளி இருக்காது, வானம் நீலமாக இருக்கும், சந்தில் கணுக்கால் வரை உப்புத்தண்ணீர் நிற்கும். தலைக்குமேல் கிறிஸ்துமஸ் நட்சத்திரம், காலடியில் காயல். வந்த வழியே அது திரும்பிப் போய்விடும். ஆனால் வண்டியின் சைலன்சருக்குள் புகுந்தால் அவ்வளவுதான்.

சைலன்சர் வலது பக்கம் இருக்கிறது. அதனால் நான் என்ன செய்தேன்? வலது பக்கச் சக்கரத்தை வாசல் படியில் ஏற்றி, இடது பக்கத்தைத் தரையிலேயே விட்டு நிறுத்தச் சொன்னேன். சைலன்சரும் தப்பித்தது. ரொம்பப் பெருமை எனக்கு. பக்கத்து வீட்டுக்காரர்களுக்குக்கூட யோசனை சொன்னேன்!

சாதாரண ஸ்கூட்டர் என்றால் நடு ஸ்டாண்டில் நேராக நிற்கும். சைடு வீல் பொருத்தும்போதே நடு ஸ்டாண்டைக் கழற்றிவிட்டார்கள். சக்கரம் எப்படி நிற்கிறதோ அப்படித்தான் வண்டியும் நிற்கும். படியில் ஏற்றினால் மொத்த வண்டியும் இடது பக்கம் சாயும். எஞ்சினுக்குள் இருக்கும் ஆயிலும் இடது பக்கம் ஒதுங்கும். டிப் ஸ்டிக் இருப்பதோ வலது பக்கம்.

குச்சியில் எப்போது பார்த்தாலும் ஆயில் இருக்காது. இருக்கவே இருக்காது.

தெரிந்தவர் ஒருவரின் வண்டியில் ஆயில் வற்றி நடுரோட்டில் எஞ்சின் இறுகிப் போனதாகக் கேள்விப்பட்ட நாளிலிருந்துதான் இந்தச் சனிக்கிழமை வழக்கம் எனக்குத் தொற்றியது. குறைந்தால் என் பெண் பாலத்தில் நின்றுவிடுவாளே! அதனால் ஊற்றினேன். அடுத்த வாரமும் ஊற்றினேன். அளவுக்கு மிஞ்சிய ஆயில் உள்ளே இருக்க இடமில்லாமல் காற்று போகிற குழாய் வழியாக ஏறி, ஏர் ஃபில்டரை நனைத்து, எஞ்சினில் போய் எரிந்து, புகையாகி... என் பெண் பாலத்தில் நின்றாள்.

மஞ்சு என்னைத் திட்டியிருக்கலாம். எனக்கு அது வசதியாகக்கூட இருந்திருக்கும். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரிப்பு அடங்காமல் சாக்கில் உட்கார்ந்துவிட்டாள். ஆயில் தரையில் விழுந்துவிட்டதோ என்று ஜோசப் சேட்டன் கேட்டிலிருந்து ஓடிவந்தார்.

"எந்தா, ஆயில் வீணோ?"

"இல்ல சேட்டா. அம்மா வீணு."

*

சிரித்தது போதும் என்று நான் சாக்கில் மல்லாந்து படுத்தேன். உடம்பெல்லாம் சுக்குப் பொடி. தலைக்குமேல் அந்தப் பாழாய்ப்போன குழாய். ஸ்பானரை மாட்டினால் ஒரு விரற்கடை திரும்பும், குழாயில் இடிக்கும். எடுத்து மறுபடி மாட்டு, மறுபடி ஒரு விரற்கடை. கீழே படுத்துக்கொண்டு பார்த்தால் எந்தப் பக்கம் கழற்றுவது, எந்தப் பக்கம் இறுக்குவது என்பதே குழம்பிப்போகிறது.

"விடு மா, யாரையாவது கூப்பிடலாம்."

"மாட்டேன்."

நானா சொன்னேன்? நான்தான். கை வழுக்கியது, முட்டி சிராய்த்தது. விடவில்லை. போல்ட் ஒரு கட்டத்தில் 'டக்' என்று இளகியது. கறுப்பாக, சூடாக ஆயில் பிஸ்கட் டின் மூடிக்குள் இறங்கியது. வழிய வழிய அதைப் புனல் வைத்துப் பழைய கேனில் ஊற்றினோம். கேன் நிறைந்தும் நிற்கவில்லை. என் அக்கறை இத்தனை லிட்டரா என்று அப்போதுதான் கண்ணால் பார்த்தேன்.

ஏர் ஃபில்டரைக் கழற்றினால், எண்ணெயில் போட்ட பஜ்ஜி மாதிரி சொட்டியது. புதியதை மாட்டினோம். போல்ட்டுக்குப் புது வாஷர் போட்டு, இறுக்கமாக, ஆனால் வெறி பிடித்தாற்போல் அல்லாமல் முடுக்கினோம். புத்தகத்தில் சொன்ன அளவை மஞ்சுதான் அளந்து ஊற்றினாள். கேனின் அடியில் கொஞ்சம் மிஞ்சியது. என் கை தானாக நீண்டது.

"தொடாதே" என்றாள்.

ஸ்டார்ட் செய்தாள். புகை வந்தது.

எனக்கு உயிரே போய்விட்டது. குறைவதாகவே இல்லை. ஜோசப் சேட்டன் இருமினார். அப்படியானால் மெக்கானிக் சொன்னது சரியா? நாளைக்குச் சாவி திரும்பிப் போகிறதா? மஞ்சு உதட்டைக் கடித்துக்கொண்டு ஆக்சிலரேட்டரை விடவில்லை. "சைலன்சருக்குள்ள தேங்கினது எரிஞ்சு தீரணும்" என்றாள். முற்றத்தை ஒரு சுற்று சுற்றினாள். இன்னொன்று. இன்னொன்று. நான் சுற்றுகளைப் பார்க்கவில்லை, சைலன்சரைத்தான் பார்த்தேன். புகை மெலிந்தது. நூலானது. பிறகு அவள் என்னைக் கடந்து போனபோது சத்தம் மட்டும்தான் போனது.

பழைய ஆயிலை ஓடையில் ஊற்றவில்லை. காயலுக்கு இருக்கிற கஷ்டம் போதும். கேனோடு சுள்ளிக்கல் ஒர்க் ஷாப்பில் கொடுத்தேன். திங்கட்கிழமை வர வேண்டாம் என்று மெக்கானிக்கிடம் சொல்லிவிட்டு, காரணத்தையும் சொன்னேன். தலையில் கைவைத்து ஒரு நிமிடம் சிரித்துவிட்டு, "இனி ஆயில் நோக்குமோந்நு சோதிக்கில்ல சேச்சி. எவிடெ நிர்த்தி நோக்குமெந்நு சோதிக்காம்" என்றார். இனிமேல் ஆயில் பார்ப்பீர்களா என்று கேட்கமாட்டாராம். எங்கே நிறுத்திப் பார்ப்பீர்கள் என்றுதான் கேட்பாராம்.

*

திங்கட்கிழமை விடியும்போதே அவள் கிளம்பிவிட்டாள். பின்னாலேயே ஆட்டோவில் வருகிறேன் என்று நான் சொல்ல வாய் திறந்தேன். அவள் திரும்பிப் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டேன்.

எட்டு இருபது ஆனது. போன் அடிக்கவில்லை. நானும் அடிக்கவில்லை. ஒன்பது ஆனது. ஷட்டர் ஏறியிருக்குமா? போனை எடுத்தேன், வைத்தேன். வாசகர்களே, பல வருடங்களாக உங்களுக்கு ஏதேதோ தைரியம் சொல்லி எழுதியிருக்கிறேன். அன்று ஒரு போனைத் தொடாமல் இருப்பதற்கு எனக்கு வேண்டியிருந்த தைரியம், அதில் எதிலும் இல்லை.

கைக்கு வேலை கொடுக்க வேண்டுமே? கிடங்கில் மசாலா மூட்டைகளை ஈரம் படாமல் மரச்சட்டப் பலகைகளின் மேல் அடுக்குவோம். கழித்துப் போட்ட சிலவற்றை ஜோசப் சேட்டனிடம் கேட்டு வாங்கி, மாலையில் எங்கள் வாசலில் பக்கத்தில் பக்கத்தில் போட்டேன். ஏற ஒரு சரிவுப் பலகை. எல்லாச் சக்கரமும் ஒரே உயரத்தில் நிற்கும். காயல் கீழே வந்து போகட்டும். மேலே மிளகு போட்டுப் பார்த்தேன். ஓடியது. கீழே ஓட்டுச்சில் சொருகினேன். மறுபடி போட்டேன். ஓடவில்லை.

பிள்ளைகள் விஷயத்தில் நாம் எல்லோரும் கீழ்க்கோட்டைத்தானே பார்த்துக்கொண்டிருக்கிறோம்? குறைந்துவிடுமோ, போதாமல் போய்விடுமோ... மேலேயும் ஒரு கோடு போட்டுத்தான் வைத்திருக்கிறார்கள். அது எதற்கு என்று நான் ஒரு நாளும் யோசித்ததில்லை.

சந்தின் முனையில் ஹாரன் கேட்டது. புகை இல்லை. மஞ்சு பலகையில் ஏறி, வண்டியை நேராக நிறுத்தி, எஞ்சினை அணைத்தாள். தோளில் பை. பையின் ஓரத்தில் ஷட்டர் சாவி எட்டிப் பார்த்தது. முதலாளி என்ன சொன்னார், பாலம் எப்படி இருந்தது, ஒன்பதுக்கு முன்னால் திறந்தாளா... எனக்குக் கேட்க எவ்வளவோ இருந்தது.

அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. என் கையைப் பார்த்தாள். அதில், நான் எப்போது எடுத்தேன் என்று எனக்கே தெரியாமல், டிப் ஸ்டிக் துடைக்கிற துணி இருந்தது.

"எதையாவது ஊத்தியே ஆகணும்னா, ஒரு சாயா ஊத்து மா."